கழுவ வந்தவள்

எவாந்தியா பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்தில் உட்கார இடம் இல்லாமல் இல்லை. ஆனால் இருந்த நாற்காலிகளில் ஒன்றில் அவள் புருஷன் ஸ்த்ராதிஸ் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் போய் உட்காருவதற்குப் பெட்டி தேவலை.

கப்பல் புறப்படாது என்று காலையிலேயே அறிவித்துவிட்டார்கள். காற்றின் வேகம் கடல்காரர்கள் கணக்கில் எட்டைத் தொட்டால் ஒரு கப்பலும் கயிற்றை அவிழ்க்காது. அது அவள் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் சங்கதி. அதனால் காற்றின் மேல் அவளுக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் முந்தாநாள் போன கப்பலை நினைத்துத்தான். எண்ணெய் ஊற்றிய மாதிரி அடங்கிக் கிடந்த கடலில் அது சுகமாக லிம்னோஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதில் இவர்கள் ஏறவில்லை. ஏனென்றால் ஸ்த்ராதிஸுக்கு ஏதென்ஸில் ஒரு பல்சக்கரம் வாங்க வேண்டியிருந்தது.

ஆப்பிரிக்காவில், அருஷாவில் அவர்களுடைய காப்பித் தோட்டத்தில் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஸ்த்ராதிஸின் அப்பா காலத்து இயந்திரம். அதன் பல்சக்கரம் தேய்ந்துபோய் ஒரு வருஷமாகிறது. இத்தனை நாள் அது இல்லாமல் ஓட்டியவன், மாமியாருடைய கல்லறைக் குழியைத் திறக்கப் போகிற வழியில்தான் அதைத் தேடவேண்டும் என்று தீர்மானித்தான். கடை கடையாக ஏறி இறங்கினான். கிடைத்தும் விட்டது. இப்போது அதை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, குழந்தையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்திருந்தான்.

அவள் பெட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அதை அருஷாவில் லெமா என்ற தச்சன் செய்து கொடுத்தான். நல்ல சிவந்த மரம், மூடியில் திராட்சைக் கொடி செதுக்கல். நீளம் எவ்வளவு என்று அவன் கேட்டபோது எவாந்தியா தன் தொடையில் கை வைத்துக் காட்டினாள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை, அதற்கு மேல் கொஞ்சம். அம்மாவும் அவளும் ஒரே உயரம். தொடை எலும்பு நீட்டிப் படுக்க இடம் இருந்தால் மற்றதெல்லாம் அடங்கிவிடும். குழந்தைக்கா என்று லெமா தயங்கித் தயங்கிக் கேட்டான். இல்லை, என் அம்மாவுக்கு, குழியிலிருந்து எடுத்து வைக்க என்று அவள் சொன்னதும் உளியைக் கீழே வைத்தான்.

"புதைச்ச அம்மாவை எதுக்கும்மா தோண்டணும்? தூங்கிட்டுப் போகட்டுமே."

எங்கள் தீவில் குழி இரவல்தான், மூன்று வருஷம் ஆனால் இடத்தைக் காலி செய்ய வேண்டும், எலும்பை எடுத்து மதுவில் கழுவிப் பெட்டியில் வைப்போம், கழுவுவது மகள் வேலை என்று அவள் விளக்கினாள். லெமா அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் வந்து பேசாமல் முடித்துக் கொடுத்தான்.

நைரோபி விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, இதில் என்ன என்று கேட்டாள். இப்போது ஒன்றுமில்லை என்றாள் எவாந்தியா. அப்புறம் என்று அவள் கேட்டாள். அப்புறம் என் அம்மா என்று இவள் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு தனி அறையில் உட்கார்த்தி வைத்தார்கள். அங்கேயும் ஸ்த்ராதிஸ் வாயைத் திறக்கவில்லை. சிக்கலான இடத்தில் வாய் மூடிக்கொள்வது அவனுக்குக் கூடப்பிறந்த குணம்.

அம்மா அசிமினா செத்த அன்று எவாந்தியா காப்பி அறுவடையின் நடுவில் இருந்தாள். அந்த ஊரில் செத்தவர்களை மறுநாளே அடக்கிவிடுவார்கள். எந்த விமானத்தைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. தம்பி பரஸ்கெவாஸ் கல்லறையில் நின்று கைபேசியை உயர்த்திப் பிடித்தான், பாதிரியார் ஓதுவதையாவது அக்கா கேட்கட்டும் என்று. அவள் கேட்டதெல்லாம் காற்றுச் சத்தம். அன்றைக்கே அவனிடம் ஒரு வாக்கு வாங்கினாள். திறக்கும்போது நான் வருவேன். என் கையால் கழுவுவேன். நான் வராமல் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. அவன் சரி என்றான். அந்த ஒரு சரியைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருஷத்தை அவள் ஓட்டினாள்.

அதற்குள் ஊரில் ஒரு பேச்சும் கிளம்பியிருந்தது. பரஸ்கெவாஸின் மாமியார் செவஸ்தி கிளப்பியது. ஆப்பிரிக்காவில் காப்பிக்கொட்டை பொறுக்க நேரமிருக்கிறது, பெற்றவளுக்கு ஒரு பிடி மண் போட நேரமில்லை என்று கடைத்தெருவில் நின்று சொன்னாளாம். செவஸ்திக்கும் அசிமினாவுக்கும் சம்பந்திகள் ஆன நாளிலிருந்தே ஆகாது. பேரனுக்கு எந்தத் தாத்தா பேரை வைப்பது என்பதில் தொடங்கிய சண்டை. அசிமினா செத்த பிறகும் செவஸ்தி மட்டும் தனியாக அதை நடத்திக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஸ்த்ராதிஸின் கைபேசி அடித்தது. அவன் எடுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, படகுத்துறையின் கோடிக்குப் போய்ப் பேசினான். காற்றில் அவன் சட்டை உப்பி, ஆள் இரண்டு மடங்காகத் தெரிந்தான். பேசி முடித்து உடனே திரும்பவில்லை. கொஞ்சநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எங்கேயோ போய், சுடச்சுடப் பாலாடைக்கட்டிப் பணியாரம் வாங்கிக்கொண்டு வந்தான்.

யார் என்று அவள் கேட்டாள். தோட்டத்திலிருந்து, மழையாம் என்றான். அவள் எழுந்ததும் பெட்டியை அவனே தோளில் தூக்கிக்கொண்டு விடுதி வரை நடந்தான். அதுவரை அதை அவன் தொட்டதே இல்லை. பல்சக்கரத்துக்குப் பிராயச்சித்தம் போலிருக்கிறது என்று எவாந்தியா நினைத்தாள். மன்னிக்கவில்லை. ஆனால் பணியாரத்தைச் சாப்பிட்டாள்.

காற்று அடங்க இன்னும் ஒரு நாள் ஆனது. கப்பலில் அவன் அவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்தான். காப்பி வாங்கித் தந்தான். தன் அப்பாவைப் பற்றி ஏதோ சொன்னான். அவரை அருஷாவில் புதைத்த இடத்திலேயே இன்னும் விட்டு வைத்திருக்கிறது, யாரும் எழுப்பவில்லை, அவரும் நிம்மதியாகத்தான் இருக்கிறார், எங்கே கிடந்தாலும் அம்மா அம்மாதானே என்று. அவன் ஆப்பிரிக்காவில் பிறந்தவன். இந்த எலும்பு விவகாரம் அவனுக்கு எப்போதும் பாதிதான் புரியும் என்று அவள் விட்டுவிட்டாள்.

லிம்னோஸில், மிரினா துறைமுகத்தில் பரஸ்கெவாஸ் தன் வண்டியோடு நின்றிருந்தான். கறுப்புச் சட்டை, சவரம் செய்யாத முகம். அம்மாவைத் திறக்கிற சடங்குக்காகத் தம்பி இப்படி இருக்கிறான் என்று நினைத்து எவாந்தியா அவனைக் கட்டிக்கொண்டாள். குழி வெட்டுகிறவனுக்குச் சொல்லிவிட்டாயா, நாளைக் காலையா இன்றைக்கேயா, நல்ல இனிப்பு மது வாங்கி வைக்கச் சொன்னேனே என்று மூச்சு விடாமல் கேட்டாள்.

பரஸ்கெவாஸ் அவள் தலைக்கு மேல் ஸ்த்ராதிஸைப் பார்த்தான்.

"நீ சொல்லலையா?"

ஸ்த்ராதிஸ் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் மூடியில் இருந்த திராட்சைக் கொடியைப் பார்த்தான்.

"என்ன சொல்லலை?" என்றாள் எவாந்தியா.

விஷயத்தைப் பரஸ்கெவாஸ்தான் சொன்னான். கப்பல் ஓடாத அன்று மத்தியானம் மாமியார் செவஸ்தி அடுப்படியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டம் முழுக்கப் பாறை, புதுக் குழி வெட்ட இடமில்லை. மூன்று வருஷம் நிறைந்த குழி அம்மாவுடையது ஒன்றுதான். வெயிலோ கொளுத்துகிறது. பாதிரியார் அவசரப்படுத்தினார். அவன் ஸ்த்ராதிஸைக் கூப்பிட்டான், ஸ்த்ராதிஸ் செய் என்றான்.

"நானே அவகிட்ட சொல்லிக்கறேன், நீ பாட்டுக்குச் செய்னு சொன்னான், அக்கா. அப்புறம்தான் செஞ்சேன். நீ சம்மதிச்சுட்டேனுதான் நெனச்சேன்."

 கப்பலிலிருந்து இறங்கியவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. அவனுக்கு அதுதான் பயமாக இருந்திருக்கும்.

"மழைன்னியே."

"எவாந்தியா, கேளு. கப்பல்தான் ஓடலையே. சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே? நீந்தியா போயிருப்பே?"

"தோட்டத்துல மழைன்னியே. எனக்குப் பணியாரம் வாங்கிக் குடுத்தே. நான் தின்னேன். அந்தப் பொம்பளைக்காக என் அம்மாவை எழுப்பச் சொல்லிட்டு வந்து என்னைத் தின்ன வெச்சே."

அவன் ஏதோ சொல்ல வந்தான். உனக்கு வருத்தமாக இருக்குமே என்றுதான், சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றுதான் என்று இழுத்தான். கடல் அடங்கிக் கிடந்தபோது போன கப்பலில் ஏறியிருந்தால் இந்தச் சமயமே வந்திருக்காது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை. எண்ணெய்க் காகிதப் பொட்டலம் அவன் கக்கத்தில் இருந்தது.

வீட்டுக்குப் போகவேண்டாம், நேராகக் கல்லறைக்கு வண்டியை விடு என்றாள். வண்டியில் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். ஸ்த்ராதிஸ் ஏறப் போனபோது, "நீ பின்னாடி, பெட்டியோட," என்றாள். அறுபது வயது மனுஷன் வண்டியின் திறந்த பின்பக்கத்தில், பல்சக்கரத்தையும் பெட்டியையும் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர்கள் எல்லாம் பார்க்க ஊர் வழியாகப் போனான்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே அம்மாவின் சலவைக்கல் சிலுவையைப் பார்த்தாள். சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள், வேண்டாத நாற்காலி மாதிரி. அம்மா படுத்திருந்த இடத்தில் புது மண் மேடு. அதன் மேல் வாடத் தொடங்கியிருந்த மலர் வளையங்கள். செவஸ்தியின் பேர் எழுதிய ரிப்பன்கள். மேட்டின் தலைமாட்டில் கறுப்புடுத்தி ஊரனியா குந்தியிருந்தாள், விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு. பரஸ்கெவாஸின் மனைவி, செவஸ்தியின் ஒரே மகள்.

அவளைத் தாண்டி எவாந்தியா எலும்பறைக்குள் போனாள். நாலு சுவரும் அலமாரி, அலமாரி நிறையத் தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பேரும் ஒரு சிறு படமும். அம்மாவின் பெட்டி புதிதாக மினுங்கியது. ஸ்த்ராதிஸ் மரப்பெட்டியைக் கொண்டு வந்து, கேட்காமலேயே, காலியாக இருந்த தட்டில் வைத்துப் பார்த்தான். நுழையவில்லை. பக்கவாட்டில் திருப்பினான். நாலு விரல் வெளியே நின்றது.

"எல்லாருக்கும் தகரம்தான், அக்கா," என்றான் பரஸ்கெவாஸ். "ஒரே அளவு. மரம் யாரும் வெக்கிறதில்லை. அளவைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"அடியில கொஞ்சம் அறுத்துடலாம்," என்றான் ஸ்த்ராதிஸ்.

"கை வெச்சுப் பாரு," என்றாள் எவாந்தியா.

அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அவளும் வெளியே வந்தாள். கோபம் இப்போது போய் நிற்க ஒரு முகம் வேண்டியிருந்தது. ஊரனியாவின் முன்னால் போய் நின்றாள்.

"உங்க அம்மா உசுரோட இருந்தப்ப என் அம்மாவை ஒரு நாள் நிம்மதியா விடலை. இப்பப் படுக்கையையும் பிடுங்கிட்டா."

ஊரனியா விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு நாள் உங்க அம்மாவை வீட்டுல வெச்சிருக்கக் கூடாதா? ஒரே ஒரு நாள். ஐஸ் வெச்சாவது. நான் மூணு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன். அவசர அவசரமாத் தோண்டி, எந்தக் குழிவெட்டி கையில குடுத்தே என் அம்மாவை? வாளித் தண்ணியில முக்கி எடுத்தானா?"

பரஸ்கெவாஸ் அக்காவின் கையைப் பிடித்தான். ஊரனியா அவனை விடச் சொல்லிக் கையாட்டினாள். எழுந்து நின்றாள். உயரம் குறைந்தவள், எவாந்தியாவின் தோள் வரைக்கும்தான் வருவாள். ஆனால் மேட்டின் மேல் நின்றதால் இரண்டு பேர் கண்ணும் நேருக்கு நேர் இருந்தது.

"குழிவெட்டி மண்ணை எடுத்துட்டு மேல ஏறிட்டான். உன் தம்பி இறங்கினான், தலையைப் பார்த்தான், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தான். இன்னிக்கு வரைக்கும் சோறு இறங்கலை அவனுக்கு. அப்ப யாரு இறங்கினாங்கன்னு நெனக்கிறே?"

எவாந்தியா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் இறங்கினேன். எங்க அம்மா வீட்டுல மேசை மேல கிடக்கா. அவளைக் கழுவி உடுத்தினது பக்கத்து வீட்டு மரீத்சா. நான் எங்கே இருந்தேன்? உங்க அம்மா குழியில. மண்டியிட்டு, கால் விரல் எலும்பு ஒண்ணு விடாம, மண்ணைச் சலிச்சுப் பொறுக்கிக்கிட்டிருந்தேன். ரெண்டு தரம் மதுவுல கழுவினேன். எங்க அம்மாவைக் கழுவ எனக்கு நேரமில்லை. நீ மூணு வருஷமாக் காத்திருந்தியா? நான் என் அம்மாவைத் தொட்டே பார்க்கலை. நான் போறதுக்குள்ள பெட்டியை மூடியாச்சு."

காற்று ரிப்பன்களைப் படபடக்க வைத்தது. ஊரனியாவின் நகக்கண்ணில் இன்னும் மண் இருந்ததை எவாந்தியா அப்போதுதான் பார்த்தாள்.

"பின்னல் இருந்தது," என்றாள் ஊரனியா, கொஞ்சம் தணிந்த குரலில். "முழுசா, அப்படியே. எல்லாரும் முடியைக் குழியிலேயே விட்டு மூடுவாங்க. குழிவெட்டியும் விடுன்னான். எனக்கு மனசு வரலை. அலசி, அவங்க முடியற மாதிரியே சுத்தி, நூல் போட்டுக் கட்டியிருக்கேன். வேணும்னா திறந்து பாரு."

எவாந்தியா திரும்ப உள்ளே போனாள். தகர மூடியைத் திறந்தாள். மதுவின் இனிப்பு வாசனை அடித்தது. வெள்ளைத் துணியின் மேல் எலும்புகள் வரிசையாக, கோதுமை நிறத்தில், அழுக்கில்லாமல் இருந்தன. மேலே சின்ன வட்டமாகச் சுற்றிய பின்னல், கறுப்பு நூல் போட்டு. அம்மா கழுத்துக்கு மேல் இடது பக்கமாகத்தான் முடிவாள். ஊரனியாவும் இடது பக்கம்தான் வைத்திருந்தாள். அதில் எவாந்தியாவால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தேடத்தான் தேடினாள். கழுத்தெலும்பின் மடிப்பில், பல்லிடுக்கில், எங்கேயாவது ஒரு துளி மண் மிச்சமிருக்காதா, அதையாவது நான் துடைக்கக்கூடாதா என்று விரலை விட்டுத் தேடினாள். இல்லை. சண்டாளி எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அம்மாவுக்கென்று அருஷாவிலிருந்து கைப்பையில் கொண்டுவந்த துணியை எடுத்து மடித்து அம்மாவின் மேல் போர்த்தினாள். அதற்கு மட்டும் தகரப் பெட்டியில் இடமிருந்தது. மூடினாள். நெற்றியை மூடியின் மேல் வைத்து அப்படியே கொஞ்சநேரம் நின்றாள். பிறகு முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஸ்த்ராதிஸ் வாசலில் சாய்த்த சிலுவைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். நாளைக்குக் கப்பல் இருக்கிறதா என்று பார்க்கட்டுமா என்று கேட்டான். பார், ஒரு சீட்டு போதும் என்றாள் அவள். அவனுக்குப் புரியவில்லை.

"நான் நாப்பதாம் நாள் பூசை வரைக்கும் இங்கே இருக்கேன்."

"யாரோட நாப்பதாம் நாள்?"

"வேற யாரு செத்திருக்கா இங்கே?"

தோட்டத்தில் பழம் பழுத்து நிற்கிறது, ஆள் கூலி, இயந்திரம், நீ இல்லாமல் எப்படி என்று அவன் அடுக்கினான். அதற்குத்தானே பல்சக்கரம் வாங்கினாய், போய் மாட்டி ஓட்டு என்றாள் அவள். அவன் முகம் சிறுத்துப்போனது. இந்த முகத்தை அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் இரங்கிவிடுவோம் என்று, பேசாமல் நகர்ந்தாள்.

ஊரனியா மறுபடி குந்தி, விளக்கை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீக்குச்சி ஒவ்வொன்றாகக் காற்றில் அணைந்தது.

"இவங்களைத் திறக்கறப்ப நான் வருவேன்," என்றாள் எவாந்தியா. "நான்தான் கழுவுவேன். நீ குழிக்குள்ள கால் வைக்கக் கூடாது."

ஊரனியா தலையைத் தூக்கினாள். "எங்க அம்மாவை உனக்குப் பிடிக்காதே."

"சுத்தமாப் பிடிக்காது. ஆனா ஒரு விரல் எலும்புகூட விடமாட்டேன். நீயே வந்து எண்ணிப் பாத்துக்கோ."

"காத்து எட்டுல அடிச்சா?"

"முந்தின மாசமே வந்து உன் வீட்டுல உக்காந்து சாப்பிடறேன்."

பரஸ்கெவாஸ் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எலும்பறையிலிருந்து வந்து, இதை என்ன செய்வது என்று கேட்டான். செவஸ்தியும் ஊரனியாவைப் போலக் குள்ளம்தான், அவளுக்கு இந்த நீளம் வேண்டியதில்லை. ஆனாலும் எவாந்தியா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"வீட்டுல வை. அந்த அம்மாவுக்குத்தான். மூணு வருஷம் இருக்கு, அலமாரியைப் பெருசாக்கு."

"ஊர்ப் பொது அலமாரி, அக்கா, அதை எப்படி..."

"ஆக்கு," என்றார்கள் இரண்டு பெண்களும்.

அடுத்த குச்சியும் அணைந்தது. எவாந்தியா மேலங்கியை விரித்துக் காற்று வருகிற பக்கம் மறைத்து நின்றாள். இந்தத் தடவை பற்றிக்கொண்டது.

"திரி நீளம் ஜாஸ்தி," என்றாள்.

"எங்க அம்மா விளக்கு," என்றாள் ஊரனியா. "நீ காத்தை மட்டும் மறை."